இரண்டாவது அடுப்பு

அரங்கன்மேட்டில் ரேஷன் கடை மூடிக் கிடந்த வருஷங்களில்தான் அந்தத் தோட்டம் உண்டானது. அரிசிக்குப் பதிலாக பேங்கில் பணம் போடுகிறோம் என்று புதுச்சேரி முழுக்க ரேஷன் கடைகளை மூடியபோது, அரங்கன்மேட்டுக் கடையும் ஷட்டரை இறக்கிவிட்டது. கடைக்குப் பின்னால் கொம்யூன் பஞ்சாயத்துக்குச் சொந்தமான பொறம்போக்கு நிலம் வேலிக்காத்தான் மண்டி, பன்றி உருண்டுகொண்டு கிடந்தது. அதற்கு ஒரு பக்கம் ஊர்த்தெரு. இன்னொரு பக்கம், வாய்க்காலைத் தாண்டினால் பேட். தலித் ஜனங்கள் குடியிருக்கும் இடத்துக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர்.

கமலவேணி ஊர்த்தெருக்காரி. அவள் புருஷன் சிங்காரவேலு ஒரு காலத்தில் கரும்பும் நெல்லுமாகப் பயிர் வைத்தவர். கரும்பு எடுக்க ஆலை இல்லாமல் போனதும் பாதி நிலம் சும்மா விழுந்தது. அதற்கடுத்த வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. வாய் ஒரு பக்கம் கோணிப்போய், பேசினால் கமலவேணிக்கு மட்டும்தான் புரியும். நிலத்தைச் சிங்காரவேலுவின் தம்பி கலைவேந்தன் பார்த்துக்கொண்டான். விளைந்ததில் மூட்டைகளை அண்ணன் வீட்டில் இறக்கிவிடுவான். சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் குழம்பில் போட ஒரு கத்தரிக்காய் வேண்டுமென்றாலும் கொழுந்தன் முகத்தைப் பார்க்கவேண்டியிருந்தது. அதனால் கமலவேணி நூறுநாள் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். முதல் நாள் முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொண்டு, தெரு முனையைக் குனிந்தபடியே கடந்தாள்.

அங்கேதான் தையலம்மாளைப் பார்த்தாள். பேட்டில் குடியிருப்பவள், கமலவேணியை விட நாலைந்து வயது இளையவள், வாய் ஓயாமல் பேசுவாள். வாய்க்கால் தூர்வாரும்போது கமலவேணி மண்வெட்டியோடு மல்லுக்கு நிற்பதைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, அத இப்படி இறுக்கிப் புடிச்சா மத்தியானத்துக்குள்ள கை பொத்துப்பூடும். இப்புடிக் குடு" என்று வாங்கிக்கொண்டாள். 'அக்கா' என்று கூப்பிட்டது கமலவேணிக்கு முதலில் திக்கென்றது. பேட்டிலிருந்து யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. இரண்டு நாளில் பழகிவிட்டது. ஒரு வாரத்தில் பிடித்தும்போய்விட்டது.

தோட்டம் போடலாம் என்ற யோசனை யாருடையது என்று பின்னால் இருவரும் செல்லமாகச் சண்டை போட்டுக்கொள்வார்கள். யார் சொன்னாலும், முள்ளை வெட்டியது இரண்டு பக்கத்துப் பெண்களும்தான். கொம்யூன் ஆபீசில், செய்யுங்கள், கட்டடம் மட்டும் எழுப்பாதீர்கள் என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். தண்டுக்கீரை, வெண்டை, கொத்தவரை, பந்தலில் புடலை, ஓரத்தில் பரங்கிக்கொடி என்று ஒரு மழைக்காலத்திலேயே நிலம் முகம் மாறிவிட்டது. மூடிய ரேஷன் கடை வாசலில் பலகை அடித்துக் கூடைகளை வைத்தார்கள். வேலை செய்தவர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்ததுபோக மீதி அந்தக் கூடைகளுக்குப் போகும். வீட்டுக் கொல்லையில் முருங்கைக்காய் அதிகமாகக் காய்த்தவர்களும் அங்கே கொண்டுவந்து வைப்பார்கள். இல்லாதவர்கள் எடுத்துப் போகலாம். யார் எடுக்கிறார்கள் என்று யாரும் நின்று பார்க்கக்கூடாது. இந்தக் கண்டிஷனைப் போட்டவள் தையலம்மாள்.

"கேட்டு வாங்கறதுதான் கஷ்டம்க்கா. எடுத்துட்டுப் போறதுல இன்னா இருக்குது" என்றாள்.

மூன்று வருஷம் அப்படி நடந்தது. கமலவேணி வீட்டுக் குழம்பு அந்தக் காயில்தான் கொதித்தது. ஊர்த்தெருவில் பலர் வீட்டிலும் அப்படித்தான். பேட்டுப் பெண்கள் பறித்த கீரையை ஊர்த்தெருவில் ஆய்ந்தார்கள். கலைவேந்தன் வீட்டு முருங்கைக்காயைப் பேட்டில் நறுக்கினார்கள். ஆனால் அந்த மூன்று வருஷத்தில் ஒருத்தி வீட்டில் இன்னொருத்தி ஒரு வாய் சோறு தின்றதில்லை. கமலவேணி தோட்டத்துக்குத் தன் தண்ணீர் பாட்டிலோடு வருவாள், தையலம்மாள் தன் சொம்போடு வருவாள். அது யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை. காய் பச்சையாக இருக்கும்வரை எந்தத் தெருவுக்கும் போய்வந்தது.

அந்தக் கார்த்திகையில் புயல் வந்தது. கரையேறி நகராமல் நின்று மழையைக் கொட்டியது. மேற்கே அணை நிரம்பித் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று போனில் சேதி வந்த மறுநாள் காலையில், தென்பெண்ணை கரைபுரண்டு வயல்வெளியில் இறங்கியது. கமலவேணி அடுப்பில் வெந்நீர் வைத்திருந்தாள். வாசலில் தண்ணீர் வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே படியேறி, அடுப்பை அணைத்தது. கலைவேந்தன்தான் ஓடிவந்து அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டான். கமலவேணியும் மகள் அர்ச்சனாவும் மார்பளவுத் தண்ணீரில் அவன் பின்னாலேயே போனார்கள். ஊரில் மேடான இடம் பள்ளிக்கூடம் ஒன்றுதான். ஊர்த்தெருவும் அங்கே வந்தது, பேட்டும் அங்கே வந்தது.

அன்று பூராவும் யாரும் எதுவும் சாப்பிடவில்லை. யாரோ பையில் கொண்டுவந்த பிஸ்கட் பிள்ளைகளுக்குப் போனது. மறுநாள் காலையில் பூரணாங்குப்பத்திலிருந்து மீனவர்கள் ஃபைபர் போட்டில் வந்தார்கள். இன்னாசிமுத்து என்ற பெரிய மீசைக்காரர் ஓட்டிவந்த போட்டில் ஓர் அரிசி மூட்டையும் கொஞ்சம் பருப்பும் இருந்தன. தையலம்மாள் அவரிடம் போய், "அண்ணே, ரேஷன் கடை வாசல்ல கட்டின பரண்ல பரங்கிக்காய் போட்டு வெச்சிருக்கோம். தண்ணி அவ்ளோ ஒசரம் ஏறியிருக்காது. கொஞ்சம் வர்றீங்களா?" என்றாள்.

போனார்கள். தோட்டம் இருந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது; புடலைப் பந்தலின் ஒரு கால் மட்டும் மேலே தெரிந்தது. பரண்மேல் பரங்கிக்காய்கள் அப்படியே இருந்தன. அவற்றையும், பேட்டில் ஆடிமாசம் கூழ் ஊற்ற வாங்கிவைத்திருந்த பெரிய அண்டாவையும் போட்டில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பள்ளிக்கூட வராந்தாவில் கல்லை அடுக்கி அடுப்பு கூட்டினாள் தையலம்மாள். உடைந்த பெஞ்சுதான் விறகு. கமலவேணி அவள் பக்கத்தில் உட்கார்ந்து பரங்கிக்காயை அரிந்தாள். தையலம்மாள் சிரித்தாள்.

"பார்த்தியாக்கா, நம்ம தோட்டம் செத்தும் சோறு போடுது."

அரிசியும் பருப்பும் பரங்கிக்காயுமாகக் குழைய வெந்த வாசனை வகுப்பறைகளுக்குள் போனதும் பிள்ளைகள் எழுந்து வந்துவிட்டன. தையலம்மாள் கரண்டியை எடுத்தாள். பேட்டுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தன. ஊர்த்தெருப் பிள்ளைகள் இரண்டு உட்காரப் போக, உள்ளேயிருந்து ஒரு குரல் கூப்பிட்டது. அவை போய்விட்டன.

அதற்குப் பிறகு யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒருத்தி தனக்கு வயிறு சரியில்லை என்றாள். ஒருத்திக்கு அன்று விரதம். ஒரு பெரியவர், "முதல்ல அவுங்க சாப்புடட்டும்பா, பாவம்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் வயிறு இரைவது பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டது.

கமலவேணி ஒரு தட்டில் சோற்றை வாங்கிக்கொண்டு புருஷனிடம் போனாள். கலைவேந்தன் வாசற்படியில் நின்றான். அவன் கெட்டவன் இல்லை. முந்தின நாள் அண்ணனைத் தூக்கிவந்ததில் அவன் காலில் ஆணி ஏறி, துணி சுற்றியிருந்தது. அதோடுதான் நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணி, அந்தக் கடைசி ரூம்ல மஞ்சுளா அடுப்பு மூட்டறா. ஹெட்மாஸ்டர் ரூம்ல சிலிண்டர் இருந்துச்சு, போட்ல வந்த அரிசியும் கொஞ்சம் இருக்குது. அண்ணனுக்கு அங்க வடிச்சதும் குடுத்துக்கலாம்" என்றான். மஞ்சுளா அவன் மனைவி.

"அவரு நேத்துலேருந்து ஒண்ணும் சாப்புடல தம்பி."

"எனக்குத் தெரியாதா? கொஞ்ச நேரந்தான், பொறுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினான். "சுத்துக்கேணிக்காரங்க நாளைக்கு இதக் கேள்விப்பட்டா இன்னா பேசுவாங்க, நீங்களே சொல்லுங்க. இங்க எல்லார் கையிலயும் போன் இருக்குது."

அர்ச்சனாவுக்குச் சுத்துக்கேணியில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. தை மாதம் கல்யாணம். அப்பா படுக்கையில் கிடக்கும் வீட்டிலிருந்து பெண் எடுக்கச் சம்மதித்த நல்ல மனிதர்கள் என்று கமலவேணி அவர்களைக் கும்பிடாத நாள் இல்லை. தட்டு அவள் கையில் சுட்டது. திரும்பிப் பார்த்தாள். தையலம்மாள் கரண்டியோடு அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கமலவேணி தட்டை ஜன்னல் திட்டில் வைத்தாள்.

கடைசி ரூமிலிருந்து மஞ்சுளா எட்டிப் பார்த்து, "அக்கா, அரிசி இருக்குது, குழம்புக்கு ஒண்ணும் இல்லியே. அந்தப் பரங்கிக்காயில ரெண்டு எடுத்தாரீங்களா?" என்று கூப்பிட்டாள். கமலவேணி வராந்தாவுக்குப் போனாள். அரியாத காய்கள் தையலம்மாளின் காலடியில் இருந்தன. எப்படிக் கேட்பது என்று நின்றாள். தையலம்மாளே குனிந்து இரண்டு காயைத் தூக்கி அவள் கையில் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போங்க" என்றாள். "இன்னும் அடுப்புல ஏறல. பச்சையாத்தான் இருக்குது."

கமலவேணி போனாள். மஞ்சுளாவோடு உட்கார்ந்து காயை அரிந்தாள். சாதம் வடித்தாள். தட்டுகளில் போட்டுக் கொடுத்தாள். வயிற்றுவலிக்காரியும் விரதக்காரியும் வந்து உட்கார்ந்தார்கள். சிங்காரவேலுவுக்கு ஊட்டிவிட்டபோது அவர் ஆவலோடு தின்றார், எந்த அடுப்பில் வெந்தது என்று கேட்கவில்லை. மத்தியானம் மறுபடி வந்த இன்னாசிமுத்து தையலம்மாளிடம் சோறு வாங்கி நின்றபடியே சாப்பிட்டார். கடைசி ரூமில் எழும்பிய ஆவியைப் பார்த்துவிட்டு, "இன்னாது, ரெண்டு அடுப்பா? தண்ணி ஒரே தண்ணியாத்தான வந்துச்சு" என்று பொதுவாகக் கேட்டார். அவர் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போட்டைத் திருப்பினார்.

அர்ச்சனா பேட்டுப் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்ததைக் கமலவேணி அப்போதுதான் பார்த்தாள். நர்சிங் படித்து வில்லியனூரில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கும் பெண். தட்டைக் கழுவிவைத்துவிட்டு அம்மாவிடம் வந்தாள்.

"நீ ஏம்மா எழுந்து போன?"

"உனக்காகத்தான்டி."

"நான் கேக்கலியே" என்றாள் அர்ச்சனா.

தண்ணீர் வடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. தோட்டத்தின்மேல் முழங்கால் உயரத்துக்கு ஆற்றுமணல் ஏறியிருந்தது. பந்தல், கூடை, விதை போட்டுவைத்த டப்பாக்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன. பேட்டுப் பெண்கள் மணலை வாரிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கமலவேணி ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு போனாள். தையலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்கம்மா" என்றாள்.

கமலவேணிக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருக்கலாம். மூன்று வருஷமாக 'வாக்கா, போக்கா' என்று கூப்பிட்ட வாய், மரியாதையாக, எல்லா ஊர்த்தெருப் பெண்களையும் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டது. அன்று முழுக்க மணல் வாரினாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. யாரும் அவளோடு பேசவுமில்லை.

சாயங்காலம் கலைவேந்தன் வீட்டுக்கு வந்தான். அர்ச்சனா சாப்பிட்டதை யாரோ போட்டோ எடுத்துவிட்டார்கள், அது சுத்துக்கேணி வரைக்கும் போகாமல் நான் பார்த்துக்கொண்டேன் என்றான். "கல்யாணம் முடியற வரைக்கும் அந்தப் பக்கம் போவாதீங்க அண்ணி. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்." கமலவேணி சரி என்றாள். அர்ச்சனா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. தையலம்மாளுக்குப் பத்திரிகை வைக்கக் கமலவேணி வாய்க்காலைத் தாண்டிப் போனாள். தையலம்மாள் தட்டோடு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பெண் நல்லாயிருக்கட்டும் என்று மனதார வாழ்த்தினாள். கல்யாணத்துக்கு வரவில்லை. மண்டபத்தில் பந்தி பந்தியாகச் சோறு போட்டார்கள். மிச்சமானதைக் குழிவெட்டிக் கொட்டினார்கள் என்று மறுநாள் தெரிந்தது.

அதற்குள் பழைய இடம் போய்விட்டிருந்தது. ரேஷன் கடையை மறுபடி திறந்து அரிசி போட ஆரம்பித்ததும், லாரி வந்து நிற்க இடம் வேண்டுமென்று பின்பக்கத்தைச் சமன்படுத்திக் கம்பிவேலி போட்டார்கள். யாரும் எதிர்த்துப் பேசப் போகவில்லை. இரண்டு தெருவும் சேர்ந்து போயிருந்தால் கொம்யூன் ஆபீசில் கேட்டிருப்பார்கள். பேட்டுப் பெண்கள் தங்கள் பக்கத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடந்த இடத்தைக் கொத்திப் புதிதாகத் தோட்டம் போட்டார்கள். வாரத்தில் ஒரு நாள் அங்கேயே சமைத்து, தனியாக இருக்கும் கிழவர்களுக்கும் வேலை கிடைக்காத வீடுகளுக்கும் கொடுத்தார்கள். வெள்ளத்தில் கற்றுக்கொண்டது என்று சொன்னார்களாம். ஊர்த்தெருவில் மஞ்சுளாவும் சிலரும் தாங்களும் ஒன்று ஆரம்பிக்கிறோம் என்றார்கள். யார் வீட்டுக் கொல்லையில் போடுவது என்பதிலேயே பேச்சு தகராறாகி நின்றுவிட்டது. பிறகு கடலூரிலிருந்து மைக் கட்டிக்கொண்டு வரும் காய்கறி வேனை எதிர்பார்த்துப் பையோடு வாசலில் நின்றார்கள்.

சித்திரையில் ஒரு நாள், புருஷனுக்குக் காலைக் கஞ்சி கொடுத்துப் படுக்கவைத்துவிட்டுக் கமலவேணி பேட்டுக்குப் போனாள். யாரிடமும் சொல்லவில்லை. அன்று அவர்கள் சமைக்கும் நாள். தோட்டத்தில் இறங்கித் தானாகவே களை எடுத்தாள். தையலம்மாள் பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தாள். வெயில் ஏறியதும் எல்லாரும் நிழலுக்குப் போனார்கள். தையலம்மாள் ஒரு கட்டு முளைக்கீரையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"எடுத்துட்டுப் போங்கம்மா. வேல செஞ்சிருக்கீங்க."

"கீர வேணாம் தையலு" என்றாள் கமலவேணி. "ரெண்டு வாய் சோறு போடு. இங்கயே உட்கார்ந்து சாப்புடறேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும்."

அண்டாவில் சோறு இருந்தது. மூடிய தட்டின் ஓரத்தில் ஆவி வந்துகொண்டிருந்தது. தையலம்மாள் அதைப் பார்க்கவில்லை. கமலவேணியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமில்லை, களைப்பு மாதிரி ஏதோ இருந்தது.

"பசிக்குதாக்கா?" என்று கேட்டாள்.

'அக்கா' என்ற சொல் காதில் விழுந்ததும் கமலவேணிக்குக் கண் நிறைந்துவிட்டது. பொய் சொல்லத் தோன்றவில்லை. "இல்ல. காலைல சாப்புட்டுத்தான் வந்தேன்."

"அப்ப வேணாம்க்கா. அன்னிக்கு உனக்குப் பசி. முந்தின நாள்லேருந்து ஒண்ணும் சாப்புடாதவ நீ. அன்னிக்கு ஒரு வாய் தின்னுருந்தா இந்த ஊர்ல எனக்கு வேற ஒண்ணும் வேணாம்னு இருந்திருப்பேன். இன்னிக்கு நீ கேக்கறது வயித்துக்கு இல்ல, உன் மனசு ஆறறதுக்கு. இது பசிக்கறவங்களுக்கு ஆக்கன சோறு. இதுலேருந்து அதுக்கு எடுத்துக் குடுக்க எனக்கு மனசு வரல."

"என்னை மன்னிச்சிடு தையலு."

"மன்னிச்சாச்சுக்கா. எப்பவோ. கோவம் இருந்தா உன்ன உள்ள வுட்டிருப்பேனா?" கீரைக்கட்டைக் கமலவேணியின் மடியில் வைத்தாள். "ஆனா பழைய மாதிரி வராது. எனக்கு வரல, நான் இன்னா பண்ணட்டும்?"

அதற்குள் ஒரு கிழவர் தட்டோடு வந்து நின்றார். தையலம்மாள் எழுந்து போய் அவருக்குச் சோறு போட்டாள், பேச்சுக் கொடுத்துச் சிரிக்கவைத்தாள். கமலவேணி இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்தாள். யாரும் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கீரையைக் கடைந்து சிங்காரவேலுவுக்கு ஊட்டினாள். எங்கே போயிருந்தாய் என்று அவர் குழறலாகக் கேட்டார். பேட்டுக்கு என்றாள். அவர் மெதுவாக இடது கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்று அவள் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. தன் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டாள், இறங்கவில்லை. மூடிவைத்துவிட்டுப் படுத்தாள். விடிந்ததும் அதில் தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் குடித்தாள். அப்போது நன்றாகவே பசித்தது.